படபடப்புக்கு ஒரு வழி, சோர்வுக்கு ஒரு வழி

அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமெந்தாலும் அவருடைய குழுவினரும் நடத்திய ஓர் ஆய்வு 1999இல் வெளிவந்தது. மனச்சோர்வு நோய் என்று மருத்துவர்கள் உறுதிசெய்த, 50 வயதைத் தொட்ட அல்லது கடந்த 156 பேரை அவர்கள் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு செர்ட்ரலின் மாத்திரை. இன்னொரு பிரிவுக்கு வாரத்தில் மூன்று நாள் வேக நடை அல்லது மெல்லோட்டம். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தபோது மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களிடம் மாற்றம் சீக்கிரம் தெரிந்தது. நடந்தவர்கள் மெதுவாக வந்து அவர்களை எட்டிப்பிடித்தார்கள். தேறியவர்களைச் சில மாதங்கள் கழித்து மறுபடி சோதித்தபோது, திரும்பவும் நோயில் விழுந்தவர்கள் நடைப் பிரிவில்தான் குறைவாக இருந்தார்கள்.

இந்த ஆய்வில் குறைகள் இல்லாமல் இல்லை. எந்தச் சிகிச்சையும் பெறாத ஒரு பிரிவை ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. நடந்தவர்கள் குழுவாக நடந்தார்கள். குணமாக்கியது நடையா, கூட நடந்தவர்களின் துணையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும், “படுத்தே கிடக்காதே, காலார நடந்துட்டு வா” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவந்ததை மருத்துவ உலகம் காதுகொடுத்துக் கேட்க இதுபோன்ற ஆய்வுகளே காரணமாயின. அதன் முன்னும் பின்னுமாக மூச்சுப் பயிற்சி, தியானம், நாட்குறிப்பு, தூக்கம், மரஞ்செடி, அக்கம்பக்கத்துப் பேச்சு, டீ வரைக்கும் ஒவ்வொன்றாக ஆய்வுக்கூடத்துக்குள் போய் வந்துவிட்டன.

இப்படிக் கிடைத்த எல்லாவற்றையும் யூடியூபும் வாட்ஸ்அப்பும் ஒரே பட்டியலில் கொட்டிவிடுகின்றன. எதை எப்போது செய்வது என்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. ஒன்றிரண்டைச் செய்து பார்த்துவிட்டு, பலன் தெரியாமல், ‘நமக்கு இதெல்லாம் சரிப்படாது’ என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு வெவ்வேறு நிலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஒன்று படபடப்பு. நெஞ்சு அடித்துக்கொள்ளும், தோள்பட்டை இறுகும், பிள்ளை ஏதாவது கேட்டால் எரிந்து விழுவோம், படுத்தால் தூக்கம் வராது. இன்னொன்று சோர்வு. எதிலும் பிடிப்பு இருக்காது, குளிக்கக்கூட எழுந்திருக்கத் தோன்றாது, போன் அடித்தால் எடுக்க மனம் வராது. முதலாவதில் உடம்பு முடுக்கிவிடப்பட்டிருக்கிறது; அதைத் தணிக்க வேண்டும். இரண்டாவதில் அடங்கிக் கிடக்கிறது. அதைக் கிளப்ப வேண்டும். நாள்பட்ட படபடப்பு பலரைச் சோர்வில் கொண்டுபோய் விடுவதால், இரண்டும் ஒரே ஆளிடம் மாறி மாறி வருவதும் உண்டு. அப்போதும் இந்த வேளையில் எது மேலோங்கி இருக்கிறது என்று பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உடம்பு என்ன செய்கிறது?

ஆபத்தைக் கண்டால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்பதை ஹார்வர்டு உடலியலாளர் வால்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகம் பிடிக்கிறது, ரத்தம் செரிமான உறுப்புகளை விட்டுத் தசைகளுக்குப் பாய்கிறது. மாண்ட்ரியலில் இருந்த ஹான்ஸ் செலியே 1936இல் நேச்சர் இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். எலிகளைக் குளிரில் விட்டாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி மருந்து கொடுத்தாலும் அவற்றின் உடலில் ஒரே விதமான சேதம் தெரிந்தது: அட்ரினல் சுரப்பி பெருத்தது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. நெருக்கடி எந்த வடிவில் வந்தாலும், அது நீடித்தால் உடம்பு படும் பாடு ஒன்றுதான் என்று அவர் கண்டார்.

மனிதர்களுக்கு இதில் கூடுதல் சங்கடம் ஒன்று உண்டு. அதை விளக்குவதற்கென்றே ராபர்ட் சபோல்ஸ்கி 1994இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். சிங்கம் துரத்தும்போது வரிக்குதிரையின் உடம்பிலும் இதே ரசாயனங்கள்தான் பாய்கின்றன. துரத்தல் முடிந்து உயிர் தப்பினால் அது மேயப் போய்விடுகிறது. நமக்கோ துரத்தல் முடிவதில்லை. கட்ட வேண்டிய தவணையை, மகளின் தேர்வு முடிவை, மேலதிகாரி நேற்று பார்த்த பார்வையை நினைத்தே அதே அட்ரினலினையும் கார்டிசோல் என்ற நெருக்கடி ஹார்மோனையும் நாள் முழுக்க வரவழைத்துக்கொள்கிறோம். தேர்வுக்கு முந்தைய நாள் வரும் பதற்றம் படிக்க வைக்கிறது. அது கெடுதல் செய்வதில்லை. தேர்வு முடிந்த பிறகும் அடங்காத பதற்றம்தான் உடம்பை அரிக்கிறது. ‘ஆபத்து முடிந்துவிட்டது, இனி அடங்கலாம்’ என்று உடம்புக்குத் தெரியப்படுத்துவதுதான் தணிக்கும் வழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான வேலை.

தணிக்கும் வழிகள்

இதயத்தை மெதுவாகத் துடி என்று நாம் கட்டளையிட முடியாது. ரத்த அழுத்தமும் செரிமானமும் அப்படியே. தானாக நடக்கும் இந்த வேலைகளில் நம் பிடிக்குள் நேராக வருவது மூச்சு. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கிறது. நாடியில் விரலை வைத்துக்கொண்டு நிதானமாக மூச்சு விட்டுப் பார்த்தால் பலருக்கு இந்த ஏற்ற இறக்கம் விரலிலேயே தெரியும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியே போகும் நேரத்தில்தான் இதயத்தை அதிகமாக நிதானப்படுத்துகிறது. ஆகவே இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சு நீண்டிருந்தால் உடம்பு தணிகிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதைச் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்குச் சற்று மேற்பட்டவர்கள் தினமும் ஐந்து நிமிடம் வீதம் ஒரு மாதம் பயிற்சி செய்தார்கள். மூன்று விதமான மூச்சுப் பயிற்சிகளும், வெறுமனே மூச்சைக் கவனிக்கும் தியானமும் ஒப்பிடப்பட்டன. நால்வகையிலும் பதற்றம் குறைந்தது. மன உற்சாகத்தைக் கூடுதலாக உயர்த்தியது நீண்ட பெருமூச்சுப் பயிற்சி.

செய்முறை எளிது. சாய்ந்து உட்காருங்கள். மூக்கு வழியாக மூச்சை இழுங்கள். நெஞ்சு நிறைந்துவிட்டது என்று தோன்றும்போது, அதற்கு மேலும் சின்னதாக ஒரு இழுப்பு. பிறகு வாய் வழியாக, அவசரமில்லாமல், உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்னும் வரை விடுங்கள். அடுத்த மூச்சு தானாக வரட்டும். குழந்தை அழுது ஓய்ந்த பிறகு விக்கி விக்கி மூச்சை இழுத்துவிட்டு நீளமாக ஒரு பெருமூச்சு விடுமே, அதே மூச்சுதான் இது. அந்த இரண்டாவது சின்ன இழுப்பு நுரையீரலில் சுருங்கிக் கிடக்கும் காற்றறைகளைத் திறக்க உதவுகிறது. தலை கிறுகிறுத்தால் நிறுத்திவிட்டு வழக்கம்போல் மூச்சு விட்டால் போதும். ஐந்து நிமிடம் வாய்க்காதவர்களுக்கு மூன்று நான்கு மூச்சே உடனடியாக ஓர் ஆறுதல் தரும். நெரிசலான பேருந்தில் நின்றுகொண்டும் செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

மூச்சைப் பற்றி இன்னொரு ஆய்வும் என்னை மிகவும் கவர்ந்தது. இத்தாலியைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டது. 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள். ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற பௌத்த மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற நிதானத்துக்கு இறங்கியது. சாதாரணமாக நாம் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது வரை மூச்சு விடுகிறோம். ரத்த அழுத்தம் ஏறும்போதும் இறங்கும்போதும் இதயம் தன்னைச் சரிசெய்துகொள்ளும் திறனும் அந்த நேரத்தில் கூடியது. நம் வீடுகளில் விளக்கேற்றியபின் சொல்லும் கவசமும் பாசுரமும், தொழுகைக்குப் பின்னான திக்ரும், மாலை ஜெபமும் இந்தக் கோணத்திலிருந்து புதிதாகத் தெரிகின்றன. நீட்டி, நிறுத்தி, மூச்சோடு சேர்த்துச் சொல்லும்போது மட்டுமே இந்தப் பலனை எதிர்பார்க்க முடியும். அடுப்பில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே கடகடவென்று ஒப்பித்தால் மூச்சு நிதானப்படாது.

எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் விளக்கிய தசைத் தளர்த்தலும் இதே குடும்பம்தான். உள்ளங்கையை இறுக மூடிச் சில நொடிகள் வைத்திருந்து சட்டென்று விடுவது, பிறகு கை, தோள், முகம், வயிறு, கால் என்று ஒவ்வொரு பகுதியாக இறுக்கித் தளர்த்துவது. இரவில் படுக்கையிலேயே செய்யலாம். நாள் முழுவதும் தோளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் பலருக்குத் தெரியவரும். முகத்தில் குளிர்ந்த தண்ணீரை அடித்துக் கழுவுவதற்கும் உடலியல் காரணம் உண்டு: நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் குளிர்ச்சி படும்போது, நீரில் மூழ்கும் உயிரினங்களுக்கு நிகழ்வதுபோல, இதயத்துடிப்பு தானாகக் குறைகிறது.

தியானத்துக்கு இன்று கிடைக்கும் புகழைப் பார்த்தால் அதற்கு மிஞ்சியது எதுவும் இல்லை என்று தோன்றும். 2014இல் 47 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 3,515 பேரையும் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு நிதானமான தீர்ப்பைச் சொன்னது. மனதைக் கூர்ந்து கவனிக்கும் தியானப் பயிற்சிகள் பதற்றத்தையும் சோர்வையும் மிதமாகக் குறைக்கின்றன. உடற்பயிற்சியையோ மருந்தையோ விஞ்சுவதாகச் சான்று இல்லை. பிடித்தவர்கள் தொடரட்டும். கண்ணை மூடி உட்கார்ந்தாலே எண்ணங்கள் மொய்க்கின்றன என்பவர்கள் தங்களைக் குறைசொல்லிக்கொள்ள வேண்டாம். அவர்களுக்குக் கைவேலை நன்றாகப் பொருந்தும். புள்ளிக் கோலம் போடுபவர், கீரை ஆய்பவர், பூக் கட்டுபவர் எல்லோரும் கண்ணையும் விரலையும் ஒரே இடத்தில் குவிக்கிறார்கள். புள்ளியை எண்ணிக்கொண்டிருக்கும்போது தவணையை எண்ண முடியாது.

டீயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் 75 ஆண்களுக்கு ஆறு வாரம், பாதிப் பேருக்குக் கறுப்புத் தேயிலை பானமும் மீதிப் பேருக்கு அதே சுவையும் அதே அளவு காஃபீனும் உள்ள போலிப் பானமும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2007இல் வெளியானது. பதற்றமூட்டும் வேலையைக் கொடுத்தபோது இரு பிரிவினரும் ஒரே அளவு பதறினார்கள். வேலை முடிந்து 50 நிமிடம் கழித்து கார்டிசோல் அளவு டீ குடித்தவர்களிடம் 47 சதவீதமும் மற்றவர்களிடம் 27 சதவீதமும் குறைந்திருந்தது. பதற்றம் வராமல் டீ தடுக்கவில்லை; வந்ததிலிருந்து மீள உதவியது. ஒரே ஓர் ஆய்வுதான், அதுவும் சிறியது. டீக்கடை பெஞ்சில் கிடைக்கும் பத்து நிமிட ஓய்வும் பேச்சும் அந்த ஆய்வில் சேரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

தணிப்பதாக நினைத்து நாம் செய்யும் ஒரு காரியம் எதிர்வேலை செய்கிறது. ‘கோபத்தை உள்ளே வைத்துக்கொள்ளாதே, கொட்டித் தீர்த்துவிடு’ என்பது பரவலான நம்பிக்கை. 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, கத்துவதும் குத்துவதும் கோபத்தைக் குறைப்பதில்லை என்று காட்டியது. கோபத்தோடு ஓடப் போவதுகூடப் பயன் தரவில்லை, கோபம் சற்றுக் கூடவே செய்தது. மூச்சு, தசைத் தளர்த்தல், தியானம், யோகா என்று உடம்பின் முடுக்கத்தை இறக்கிய எல்லாமே கோபத்தைக் குறைத்தன. எரிச்சலில் பாத்திரத்தை உருட்டுவதாலும் கதவை அறைவதாலும் நெருப்பு அணைவதில்லை என்பதை ஒரே வீட்டில் வாழ்பவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கிளப்பும் வழிகள்

சோர்வுக்கு வருவோம். இங்கே பலரும் செய்வது காத்திருப்பது. மனம் சரியானதும் கோயிலுக்குப் போகலாம், உற்சாகம் வந்ததும் அக்காவுக்குப் போன் பண்ணலாம், தெம்பு வந்ததும் நடக்கலாம். போகாததால் யாரையும் பார்ப்பதில்லை, பார்க்காததால் நல்லது எதுவும் நடப்பதில்லை, நடக்காததால் சோர்வு இன்னும் கனக்கிறது. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லூவின்சன் 1970களிலேயே இந்தச் சுழலை விளக்கினார். செயல் முதலில், மனநிலை அதன் பின்னால் என்பதே அதிலிருந்து பிறந்த சிகிச்சையின் சாரம்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. மனநல மருத்துவர் விக்ரம் படேலும் கோவாவைச் சேர்ந்த சங்கத் அமைப்பும் அங்குள்ள 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்திய ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வந்தது. கடுமையான மனச்சோர்வு கொண்ட 495 பேர். அவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்போடு, உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு முறை வந்து பேசினார்கள். அந்த ஆலோசகர்கள் மனநலப் படிப்பு படித்தவர்கள் அல்லர். இதற்கெனப் பயிற்சி மட்டும் பெற்றவர்கள். மூன்று மாதத்தில் அந்தப் பிரிவில் 64 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டார்கள். மற்ற பிரிவில் 39 சதவீதம்.

அப்படி என்னதான் பேசுவார்கள்? தையல் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்ட ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். முன்பு அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவர். இப்போது எதிலும் மனம் ஒட்டவில்லை. ‘மறுபடி தைக்க ஆரம்பிங்க’ என்று அவரிடம் சொல்வதில் பயனில்லை. அது மலையாகத் தெரியும். நேற்று காலை எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள், அப்போதெல்லாம் மனசு எப்படி இருந்தது என்றுதான் பேச்சு தொடங்கும். மொட்டை மாடியில் துணி காயப்போட்ட கால் மணி நேரம் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை என்பார். எந்தச் செயல் மனதை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது அப்படித் தெரியவரும். பிறகு அடுத்த வாரத்துக்கு ஒரு சின்னத் திட்டம்: செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மெஷினைத் திறந்து தூசி துடைத்து எண்ணெய் விடுவது, பாபினில் நூல் சுற்றி வைப்பது. அவ்வளவுதான், தைக்க வேண்டியதில்லை. வியாழக்கிழமை ஒரு தலையணை உறை. நாளும் நேரமும் குறித்திருக்க வேண்டும், தோற்றுப்போக முடியாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும், அன்றைக்கு மனநிலை எப்படி இருந்தாலும் செய்ய வேண்டும். இந்த மூன்று விதிகளையும் லேசான சோர்வு உள்ளவர்கள் ஆலோசகர் இல்லாமலே தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்ளலாம்.

நடையை இதில் முதலில் வைக்கலாம். 2024இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு பெரிய தொகுப்பு 218 ஆய்வுகளையும் 14,170 பங்கேற்பாளர்களையும் எடுத்துக்கொண்டது. நடை அல்லது மெல்லோட்டம், யோகா, பளு தூக்கும் பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் கணிசமாகக் குறைத்தன. வேகம் கூடக் கூடப் பலனும் கூடியது. மெதுவான நடைக்கும் பலன் இருந்தது. பல ஆய்வுகளின் தரம் சுமார் என்று தொகுத்தவர்களே எச்சரிக்கிறார்கள். ஆனாலும் செலவில்லாத, கிட்டத்தட்ட யாருக்கும் தீங்கு செய்யாத ஒரு வழிக்கு இவ்வளவு சான்று இருப்பது பெரிய விஷயம். மரங்கள் உள்ள தெருவோ, குளக்கரையோ, கடற்கரையோ கிடைத்தால் இன்னும் நல்லது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளைப் பார்த்த ரோஜர் உல்ரிக், சன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்றும் குறைவான வலிமருந்தே கேட்டார்கள் என்றும் 1984இல் காட்டினார். பார்த்தாலே இவ்வளவு என்றால் நடுவே நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

படபடப்பு உள்ளவர்களுக்கும் நடை உதவுகிறது. கோபம் தலைக்கேறிய அந்த நிமிடத்துக்கு மூச்சு. அன்றாட மருந்தாக நடை.

பேச ஓர் ஆள்

தனியாகச் செய்யக்கூடிய எந்தப் பயிற்சியையும்விட ஆள்துணையின் வலிமை பெரிது. 2006இல் வெளியான ஜேம்ஸ் கோனின் ஆய்வில், மின் அதிர்ச்சி வரப்போகிறது என்று எச்சரிக்கப்பட்ட பெண்கள் கணவரின் கையைப் பிடித்திருந்தபோது, மூளையில் அச்சத்தின் எதிர்வினை தணிந்தது. முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்தபோதும் ஓரளவு தணிந்தது. தாம்பத்தியம் நன்றாக இருந்தவர்களிடம் பலன் அதிகம்.

நெருங்கிய உறவு வேண்டும் என்றுகூட இல்லை. சிகாகோவில் தினமும் ரயிலிலும் பேருந்திலும் வேலைக்குப் போகிறவர்களில் சிலரைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச்சுக் கொடுக்கச் சொன்னார்கள் நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும். பேசாமல் போவதுதான் நன்றாக இருக்கும் என்றே மக்கள் கணித்தார்கள். பேசியவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது. 2014இல் வந்த முடிவு இது. பூக்காரம்மாவிடம் விலை கேட்டு நின்று நாலு வார்த்தை பேசுவதும், வாசல் திண்ணையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை விசாரிப்பதும் பொழுதுபோக்கு மட்டுமில்லை. ஆன்லைனில் எல்லாம் வீடு வந்து சேரும் நகரங்களில் இந்தச் சின்னப் பேச்சுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருப்பது எனக்குக் கவலையளிக்கிறது.

ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் நடந்தது இன்னும் ஒரு படி மேலே. மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்த நாட்டில், டிக்சன் சிபாண்டா 2006இல் 14 பாட்டிமார்களைக் கொண்டு ஒரு வேலையைத் தொடங்கினார். சுகாதார நிலைய வளாகத்தில், மரத்தடியில், ஒரு மர பெஞ்ச். ‘நட்பு பெஞ்ச்’ என்று பெயர். வந்து உட்காருகிறவரின் பேச்சைப் பாட்டி முழுவதும் கேட்பார். இருக்கிற கஷ்டங்களை எல்லாம் சொல்லச் சொல்லி, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடுத்த முறை வருவதற்குள் என்ன செய்ய முடியும் என்று அவரையே யோசிக்க வைப்பார். 24 சுகாதார நிலையங்களில் 573 பேரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. ஆறு மாதம் கழித்து மனச்சோர்வின் அறிகுறிகள் பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேரிடமும் மற்றவர்களில் சுமார் 50 சதவீதம் பேரிடமும் இருந்தன. புத்தி சொல்ல முந்திக்கொள்ளாமல் காது கொடுத்துக் கேட்பதை அந்தப் பாட்டிமார்கள் பயிற்சி எடுத்துக் கற்றுக்கொண்டார்கள் என்பது முக்கியம். நாம் ‘இதெல்லாம் ஒரு கவலையா, உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர்’ என்று ஆரம்பிக்கும்போதே எதிரே இருப்பவர் வாயை மூடிக்கொண்டுவிடுகிறார்.

யாரிடமும் சொல்ல முடியாததைத் தாளில் எழுதலாம். ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் கல்லூரி மாணவர்களை நாலு நாள் தொடர்ந்து, தினம் 15 நிமிடம், மனதைப் புண்படுத்திய நிகழ்வைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் மனம் கனத்தது. பின்வந்த மாதங்களில் நடந்ததையும் அதனால் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. பிற்கால ஆய்வுகள் இந்தப் பலன் சிறியது என்கின்றன. சிறியது என்றாலும் ஒரு நோட்டும் பேனாவும் போதுமே.

தூக்கம், போன், மது

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் சான்று தெளிவு. தூக்கம் கெட்டால் மறுநாள் சின்ன விஷயமும் பெரிதாகத் தெரியும். படுக்கையில் தூக்கம் வராமல் புரண்டுகொண்டே இருப்பவர்கள் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பிப் படுக்க வேண்டும் என்பது ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்த விதி. இன்றும் தூக்க மருத்துவத்தில் அதுவே கையாளப்படுகிறது. காபியில் உள்ள காஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். மாலை ஐந்து மணிக் காபி இரவு பத்து மணிக்கும் பாதி வேலை செய்துகொண்டிருக்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் 143 மாணவர்களில் ஒரு பகுதியினர் மூன்று வாரம் சமூக ஊடகத்தைத் தினம் 30 நிமிடத்துக்குள் வைத்துக்கொண்டபோது அவர்களின் தனிமை உணர்வும் சோர்வும் குறைந்தன என்று 2018இல் தெரியவந்தது.

மதுவைப் பற்றி நேராகச் சொல்ல வேண்டும். ‘டென்ஷனுக்காகத்தான் குடிக்கிறேன்’ என்ற பேச்சைத் தமிழ்நாட்டில் கேட்காத குடும்பம் குறைவு. முதல் மணி நேரத்தில் மது தணிப்பது உண்மை. போதை இறங்கும்போது நரம்பு மண்டலம் எதிர்ப்பக்கம் எகிறுகிறது. பின்னிரவில் தூக்கம் உடைகிறது. விடிந்ததும் முந்தைய நாளைவிடக் கூடுதலான படபடப்பு. அதைத் தணிக்க மறுபடி மது. குடிப்பவரின் அழுத்தம் மனைவி மக்களின் அழுத்தமாகவும் மாறுகிறது. அழுத்தம் தீர்க்கும் வழிகளின் பட்டியலில் அதற்கு இடமில்லை.

கைக்கு மீறிய காரணங்கள்

இத்தனை வழிகளைச் சொன்ன பிறகு, இவை எதுவரை செல்லும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, அரசு ஊழியர்களில் கடைநிலையில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் உச்சநிலையில் இருந்தவர்களைப்போல் மூன்று மடங்கு என்று காட்டியது. புகை, ரத்த அழுத்தம் போன்றவை இந்த வேறுபாட்டில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. 1985இல் தொடங்கிய இரண்டாவது வைட்ஹால் ஆய்வில், தன் வேலையை எப்படி எப்போது செய்வது என்று தீர்மானிக்க உரிமையில்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று மைக்கேல் மார்மட்டும் அவர் குழுவினரும் கண்டார்கள்.

ஜவுளிக் கடையில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டும் பெண்ணிடம் மூச்சுப் பயிற்சியை மட்டும் சொல்லிக் கொடுப்பது நியாயமாகாது. அவருடைய காலும் இடுப்பும் கேட்டது ஒரு நாற்காலி. தமிழ்நாடு அரசு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. மன அழுத்தத்தைப் பற்றிப் பேசும் கட்டுரைகளில் அந்தச் சட்டத் திருத்தத்துக்கும் இடம் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். கந்துவட்டி, வீட்டு வன்முறை, சாதியின் பேரால் அவமதிப்பு, முடிவில்லாத வேலை நேரம் இவற்றுக்கெல்லாம் தீர்வு வெளியில்தான் இருக்கிறது. மூச்சும் நடையும் அவற்றை எதிர்கொள்ளத் தெம்பு தரலாம். அந்தக் கொடுமைகளைச் சகித்துக்கொள்ளும் பயிற்சியாக மூச்சையும் நடையையும் யாரும் நமக்கு விற்கக் கூடாது. ஊழியர்களுக்கு யோகா வகுப்பு நடத்தும் நிறுவனங்கள் வேலை நேரத்தையும் சேர்த்துக் குறைக்கட்டும்.

மருத்துவ உதவி தேவைப்படும் கட்டத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க விடாமல் இருந்தால், சாப்பாடும் தூக்கமும் தலைகீழானால், வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாமல் போனால் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் நடக்கத் தொடங்கியதும் தாங்களாகவே அதை நிறுத்திவிடக் கூடாது. வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். இந்திய அரசு 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. இலங்கையில் இருப்பவர்கள் தேசிய மனநல நிறுவனத்தை 1926 என்ற எண்ணில் அழைக்கலாம்.